கீன மரங்கள் நின்றபடியே காய்வது ஏன்? – கேள்வி பதில்

இலங்கை மலைநாட்டிலுள்ள ஹோட்டன் சமவெளியின் காய்ந்த காடுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, மலைக்காட்டு மீட்புப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் விடை தருகிறேன்.

கேள்வி (நுவரெலியா): சமவெளியின் விளிம்பிலுள்ள 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பாறைக்கு நடந்து செல்லும்போது, இலையற்ற வெளிறிய மரங்கள் கூட்டங் கூட்டமாக நிற்கக் கண்டோம். தீப்பிடித்ததா?

பதில்: இல்லை. தீயில் பட்ட மரத்தில் கரி இருக்கும். இவையோ நுனியிலிருந்து கீழ்நோக்கி, ஆண்டுக்கணக்கில் காய்ந்தவை. தொட்டுப்பொல மலைப் பக்கத்தில் இது 1970களிலேயே பதிவாகியுள்ளது. அதிகம் மடிவது இம்மலைக்காட்டில் வளரும் கீன மரம். வறட்சி, மண்ணின் அமிலத்தன்மை, மண்ணில் சேர்ந்த ஈயம், காற்றிலுள்ள ஓசோன் எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் முன்வைத்துள்ளனர். இதுதான் காரணம் என்று எந்த ஒன்றும் நிறுவப்படவில்லை. மூடுபனியைப் பாசியாலும் சிற்றிலைகளாலும் வடித்துக் குடிக்கும் காடு இது என்பதால், ஒரு மரம் காய்ந்து மேலிருந்த இலைக்கூரை திறந்ததும் காற்றும் வெயிலும் அடுத்த மரத்தை வாட்டுகின்றன என்பது என் கணிப்பு.

கேள்வி (ஹட்டன்): அமெரிக்காவில் நலிந்த ஆஸ்பென் மரத் தோப்புகளை அடியோடு வெட்டினால் புதிதாக எழும் என்று அங்குள்ள என் தங்கை சொல்கிறாள். இங்கும் அப்படிச் செய்யலாமா?

பதில்: கூடாது. தங்கை சொன்னது ஆஸ்பெனுக்குச் சரி. அது நம் லயத்துப் பின்புறத்து வாழையைப் போன்றது. யூட்டா மாநிலத்தில் 'பாண்டோ' என அழைக்கப்படும் தோப்பு ஏறத்தாழ 43 ஹெக்டேயர் பரப்பில் 47,000 தண்டுகளுடன் நின்றாலும், அத்தனையும் ஒரே வேர்த்தொகுதியின் பிள்ளைகள். நிற்கும் தண்டு அனுப்பும் ஆக்சின் என்னும் வளரூக்கி வேர் மொட்டுகளை அடக்கி வைக்கிறது. தண்டை வெட்டினாலோ எரித்தாலோ, அந்த அடக்கம் நீங்கி, வெயிலில் மண் சூடேறி, மொட்டுகள் எழுகின்றன. அதுவும் வேர் உயிரோடிருந்தால்தான். 2002 வறட்சிக்குப் பிறகு கொலராடோவில் வேரும் சேர்ந்து மடிந்த தோப்புகளில் வெட்டியும் பெரிய பலனில்லை. முளைத்தாலும் எல்க் மான் மேய்ந்துவிடுவதால் அங்கே உயரமான வேலி போடுகிறார்கள்.

கீன மரம் விதையை நம்பியது. வெட்டிய இடத்தில் வேர்க்கன்று எழாது. காய்ந்து நிற்கும் மரத்தையும் விட்டுவையுங்கள். அதன் கிளையில் தங்கும் கொண்டைக்குருவி எச்சமிட்டு விதைப்பதை நாம் கூலி கொடுத்துச் செய்விக்க முடியாது.

கேள்வி (தலவாக்கலை): விதை விழுந்தும் இளமரங்களே காணப்படவில்லையே?

பதில்: மண்டியிட்டுப் பாருங்கள். காய்ந்த மரத்தடியில் விரல் நீளக் கன்றுகள் இருக்கும். பலவற்றுக்கு நுனி இராது. முயல் கடித்தது கத்தியால் சீவியதுபோல் சாய்வாக இருக்கும். மரைக்கு (கடமானுக்கு) மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால், அது பிய்த்த இடத்தில் நார் தொங்கும். எவ்வகைக் காப்பு வேண்டும் என்பதை அந்த வெட்டுவாயே சொல்லிவிடும்: முயலுக்கு முழங்கால் உயர வலை போதும், மரைக்கு ஆளுயரத்துக்கு மேல் வேலி வேண்டும்.

குறிஞ்சிக் குலத்தைச் சேர்ந்த நெலுப் புதர் அடர்ந்தால் கன்றுக்கு ஒளி கிட்டாது. நெலு பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து மடியும் பருவமே கன்றுகள் தலைதூக்கும் காலம்; வேலியை அப்போது தயாராக வைத்திருங்கள். திறந்த புல்வெளியில் நடுவது வீண்; தை, மாசி உறைபனியில் கருகிவிடும். காட்டோரத்தின் நிழலிலிருந்து தொடங்கி வெளிநோக்கி நகருங்கள்.

கேள்வி (பண்டாரவளை): பைனஸ் (ஊசியிலை மரம்) காட்டை ஒரேயடியாக வெட்டிவிட்டு உள்ளூர் மரங்களை நடலாமா?

பதில்: வேண்டாம். சிங்கராஜ வனத்தின் விளிம்பில் நடந்த ஆய்வில், பைனஸ் வரிசைகள் மூன்றை மட்டும் நீக்கி, இடையில் மழைக்காட்டுக் கன்றுகளை நட்ட முறை நன்கு பலித்தது. அது தாழ்நில ஈரவலயம் என்பதால் இனங்களை அப்படியே எடுக்க வேண்டாம், முறையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் ஐப்பசி மழையை ஒட்டி நடுவதே நல்லது.

கேள்வி (இராகலை): எங்கள் இளைஞர் சங்கம் சமவெளிக்குச் சென்று நடலாமா?

பதில்: அது 1988 முதல் தேசிய பூங்கா, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றி ஒரு கன்றும் நட முடியாது. அனுமதி கேட்பதானால், வெள்ளையர் காலத்தில் வந்த கோர்ஸ் முட்செடியைப் பிடுங்கக் கேளுங்கள். மஞ்சள் பூ காயாக மாறுமுன் வேரோடு எடுக்க வேண்டும். அதன் விதை மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடப்பதால், அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கே செல்ல வேண்டியிருக்கும்.