ஐந்து சரக்கு மூன்றாகச் சுருங்கியது ஏன்?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் கடை வைத்திருக்கிறோம். பத்தமடைப் பாய் 3 வகை ஒரு கோப்பிலும், கல்லிடைக்குறிச்சி அப்பளம் 2 வகை இன்னொரு கோப்பிலும் உள்ளன. பி.எச்.பி. நிரல்மொழியில் இரண்டையும் ‘யீல்டு ஃப்ரம்’ போட்டு ஒரே ஜெனரேட்டராக்கி (வரிகளை ஒவ்வொன்றாகத் தருவது), ‘இட்டரேட்டர்_டு_அரே’ மூலம் அரேயாக (மொத்த வரிகளின் பட்டியலாக) மாற்றினால் 5 வரிகளுக்குப் பதில் 3 தான் வருகின்றன. பிழைச் செய்தியும் இல்லை. எங்கே தவறு?

பதில்: கோப்புகளில் தேட வேண்டாம், சரக்கு அங்கே பத்திரமாக இருக்கிறது. வந்த 3 வரிகளை அச்சிட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் அப்பளம், மூன்றாவது மட்டும் பாய் என்று இருக்கும்.

குற்றவாளி, கீ. அதாவது ஒவ்வொரு மதிப்பின் இடத்தைக் குறிக்கும் எண் அல்லது பெயர். ஜெனரேட்டர் ஒவ்வொரு மதிப்போடும் ஒரு கீயையும் தருகிறது. பாய்கள் 0, 1, 2 என்று வந்தன. ‘யீல்டு ஃப்ரம்’ எண்ணிக்கையைத் தொடர்வதில்லை. உள்ளிருக்கும் கீயை அப்படியே வெளியே விடுகிறது. ஆகவே அப்பளமும் 0, 1 என்றே வந்தது. அரேயில் ஒரு கீக்கு ஓர் இடம்தான். நெல்லை எக்ஸ்பிரஸில் பெட்டி எண் இல்லாமல் 12ஆம் படுக்கை என்று மட்டும் டிக்கெட் கொடுத்தது போல. ரயிலிலாவது சண்டை வரும். இங்கே முதலில் உட்கார்ந்தவர் சத்தமில்லாமல் காணாமல் போகிறார்.

‘இட்டரேட்டர்_டு_அரே’க்கு இரண்டாவது மதிப்பாக ‘ஃபால்ஸ்’ கொடுங்கள். கீகளைத் தள்ளிவிட்டு 0 முதல் 4 வரை புதிதாக எண்ணிடும். எதுவும் கொடுக்காவிட்டால் அது ‘ட்ரூ’ என்றே எடுத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். பி.எச்.பி. 7.4 முதல் சதுர அடைப்புக்குள் மூன்று புள்ளி வைத்து ஜெனரேட்டரை விரித்தாலும், எண் கீகள் இப்படியே புதிதாக அடுக்கப்படும்.

சரக்குக் குறியீட்டையே கீயாக வைத்திருந்தால் மட்டும் யோசியுங்கள். ‘ஃபால்ஸ்’ அந்தக் குறியீட்டையும் தூக்கி எறிந்துவிடும். குறியீட்டை வரிக்குள் ஒரு புலமாக எழுதிவிடுவது நல்லது.

வரிகள் லட்சக்கணக்கில் போனால் அரேயாக மாற்றவே வேண்டாம். மொத்தமும் நினைவகத்தில் ஏறும், பி.எச்.பி.யின் இயல்பான நினைவக எல்லை 128 எம்.பி. தான். வரிகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ‘ஃபார்ஈச்’ போதும்.

சரிபார்க்கும் ஆவலில் அதே ஜெனரேட்டரை மறுபடியும் ஓட்டிவிடாதீர்கள். ஒருமுறை ஓடி முடிந்தது திரும்ப ஓடாது, எக்செப்ஷன் வீசும். கிடைத்த அரேயை ஒரு மாறியில் வைத்து, அதை எண்ணுங்கள்.