கொலென்சோவின் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிஷப்பாக இருந்த ஜான் வில்லியம் கொலென்சோவைப் பற்றி வாசித்தேன். வேதாகமத்தைக் கணக்குப் போட்டுப் பொய்யாக்கியவர் பிஷப் பதவியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது நேர்மையா? சூலு மக்களுக்காகப் போராடினார் என்பதும் மிகைதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மிகையே இல்லை. 1874இல் ஹ்லூபி தலைவர் லங்கலிபலேலேவை விசாரித்த விதம் அநியாயம் என்று வாதாடி, நேட்டால் அரசில் சுதேசிகள் விவகாரத்தைக் கவனித்த ஷெப்ஸ்டோனின் நெடுநாள் நட்பையே இழந்தவர் அவர். சூலுக்கள் அவரைச் ‘சோபந்து’, மக்களின் தகப்பன், என்று அழைத்தார்கள். பதவி விஷயமும் தீர்ந்துபோனதுதான். கேப்டவுன் பிஷப் கிரே 1863இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். அது செல்லாது என்று லண்டனின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1865இல் சொல்லிவிட்டது.

‘கணக்குப் போட்டு’ என்று ஏளனமாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. அந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்த்தீர்களா? வேதாகமத்தின் லேவியராகமம் 8இல் இஸ்ரவேல் சபையார் எல்லாரும் வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடார வாசலில் கூடுகிறார்கள். கூடாரத்தின் அகலம் 10 முழம்; அவர் கணக்கில் 18 அடி. ஆளுக்கு 2 அடி என்றால் வரிசைக்கு 9 பேர். யுத்தத்துக்குப் போகத்தக்க ஆண்கள் மட்டுமே 6,03,550 பேர். 67,000 வரிசைக்கு மேல் வரும். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி விட்டாலே கடைசி ஆள் 19 மைலுக்கு அப்பால் நிற்பான்! எண்ணாகமம் 3இல் முதற்பேறான, அதாவது தலைப்பிள்ளையான, ஆண்கள் 22,273 பேர். முதற்பேறு ஒருவனுக்கு வளர்ந்த ஆண்கள் மட்டும் 27 பேர் ஆகிறது. ஒரு தாய்க்கு அத்தனை மகன்களா? சிறுவர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். இந்த எண்கள் வரலாறாக நிற்காது என்றார். கடவுள் இல்லை என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

கணித வாத்தியாராக இருந்தவரின் மேதாவித்தனத்தில் பிறந்ததல்ல இது. நோவாவின் ஜலப்பிரளயக் கதையைச் சூலு மொழியில் பெயர்க்கும்போது உடனிருந்து உதவிய வில்லியம் ங்கிடி கேட்டார்: வெப்ப தேசத்து மிருகமும் குளிர் தேசத்து மிருகமும் ஜோடி ஜோடியாகப் பேழைக்குள் போனதை நிஜமாகவே நம்புகிறீர்களா? கொலென்சோ நிலவியல் அறிஞர் லயலின் நூலைப் படித்தவர். பிரான்ஸில், பிரளயத்துக்கும் முந்தைய ஓவர்ன் எரிமலைக் குன்றுகளின் மேல் லேசான நுரைக்கல் கலையாமல் கிடக்கிறது. உலகை மூடிய வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிருக்கும். இது தெரிந்தபின் தன்னை நம்பிக் கேட்ட மனிதரிடம் ‘ஆமாம்’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. 

இந்தக் கணக்குகள் உள்ள அவருடைய வேதாகம ஆய்வு நூலில், 1862இல் வந்த முதல் பாகத்தின் முன்னுரையை வாசியுங்கள், நண்பரே. ங்கிடியின் கேள்வி அங்கேயே இருக்கிறது.