நான்கு ஏன் வரவே இல்லை?

கேள்வி: எண் தொடர் ஒன்றை உருவாக்கும் நிரல் எழுதினேன். ஒவ்வோர் இடத்திலும் விதிக்கு உட்பட்ட மிகச் சிறிய எண்ணை வைக்க வேண்டும். ஓர் எண் மீண்டும் வர, இடையில் குறைந்தது அந்த எண்ணளவு உறுப்புகள் இருக்க வேண்டும். பத்து லட்சம் இடங்கள் வரை ஓட்டியும் 1, 2, 1, 3 என்றே சுற்றுகிறது. 4-ஐக் காணோம். நிரலில் பிழையா?

பதில்: பிழை இல்லை. நிரலை மூடிவிட்டுக் கையால் போட்டுப் பாருங்கள். முதல் மூன்று இடங்கள் 1, 2, 1. நான்காம் இடத்தில் 1 கூடாது, 2-க்கும் இடையில் ஓர் உறுப்பே இருக்கிறது, ஆகவே 3. பிறகு 1, 2, 1. சிக்கல் எட்டாம் இடத்தில்தான். 1, 2 இரண்டும் முடியாது. 3 கடைசியாக வந்தது நான்காம் இடத்தில். நடுவே மூன்று உறுப்புகள். மயிரிழையில் தேறிவிடுகிறது! 3 வரையிலான எண்களுக்குக் கடைசி மூன்று உறுப்புகளைப் பார்த்தாலே போதும். நான்காம் இடம் முடிந்தபோதும் எட்டாம் இடம் முடிந்தபோதும் அவை 2, 1, 3. எனவே அதே சுழற்சிதான், எத்தனை கோடி இடங்கள் ஓட்டினாலும்.

இடக்கணக்கும் இதையே சொல்கிறது. 1 பாதி இடங்களையும், 2 மூன்றில் ஒன்றையும், 3 நான்கில் ஒன்றையும் பிடிக்கலாம். கூட்டினால் 13/12. புதியவருக்கு இடம் ஏது?

புது எண்கள் வர வேண்டுமானால் இடைவெளியை 1, 3, 7, 15 என்று இரட்டிப்பு வேகத்தில் கூட்டுங்கள். எட்டாம் இடத்தில் 3 தோற்று 4 நுழையும். 16-இல் 5, 32-இல் 6. இதற்கு நிரல்கூட வேண்டாம்: இடத்தின் எண்ணை 2-ஆல் எத்தனை முறை மீதியின்றி வகுக்கலாமோ, அதனுடன் 1 கூட்டினால் விடை. 96-ஐ ஐந்து முறை வகுக்கலாம், அங்கே 6.

எனக்குப் பிடித்தது வேறொரு மாற்றம். ஒவ்வோர் எண்ணும் இரண்டே முறை வரட்டும். இரண்டாவது வருகை, முதலாவதிலிருந்து சரியாக அந்த எண்ணளவு தள்ளி. முதல் காலி இடத்தில், இதுவரை வராத சிறிய எண்ணை வைத்துக்கொண்டே போனால் 1, 1, 2, 3, 2, 4, 3, 5, 6, 4 என வளரும். இட ஜோடிகள் (1, 2), (3, 5), (4, 7), (6, 10). டச்சுக் கணிதர் வைத்தோஃப் 1907-இல் ஒரு விளையாட்டுக்காக எழுதிய அதே ஜோடிகள்! எண்ணைப் பொன் விகிதமான 1.618...-ஆல் பெருக்கிப் பின்னத்தை வெட்டினால் முதல் இடம். பத்து லட்சம் என்ற எண் 16,18,033-ஆம் இடத்திலும் 26,18,033-ஆம் இடத்திலும் வரும். மிகப் பெரிய எண்களுக்குத் தசமப் பெருக்கலை நம்பாதீர்கள். எண்ணின் வர்க்கத்தை 5-ஆல் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தின் முழு எண் பகுதியோடு அந்த எண்ணைக் கூட்டிப் பாதியாக்கி, அரை மிஞ்சினால் விட்டுவிடுங்கள்.