லிக்னின் பசையைப் பட்டறையில் காய்ச்சலாமா?

கேள்வி: கொடுங்கையூரில் சின்ன மரப்பட்டறை வைத்திருக்கிறேன். ப்ளைவுட் அறுக்கும்போது வரும் நெடியில் கண் எரிகிறது. மரத்திலுள்ள லிக்னினிலிருந்தே பசை செய்யலாம் என்கிறார்கள். மூட்டை மூட்டையாக மரத்தூள் கிடக்கிறது. நானே காய்ச்ச முடியுமா?

பதில்: லிக்னினைப் பிரிக்கலாம். ஆனால் கையில் வருவது பசை இல்லை.

மரத்தின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு லிக்னின். நார்களைப் பிடித்து நிறுத்துவது அதுதான். தேங்காய் நாரில் இன்னும் அதிகம். தூளைக் காஸ்டிக் சோடாவில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் டிகாக்‌ஷன் மாதிரி ஒரு சாறு இறங்கும். அமிலம் விட்டதும் பால் போலத் திரியும். வடிகட்டிக் காயவைத்தால் சிக்கரித் தூள் நிறத்தில் ஒரு பொடி, அவ்வளவுதான். தண்ணீரில் குழைத்துத் தடவினால் காய்ந்து உதிர்ந்துவிடும். (பரிசோதித்துப் பார்க்கிறேன் என்று அலுமினியச் சட்டியை எடுத்துவிடாதீர்கள். காஸ்டிக் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும். ப்ளைவுட் தூளும் வேண்டாம், அதில் ஏற்கெனவே பிசின் இருக்கிறது.)

ஆலைகளில் இந்தப் பொடியை ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசினில், அதாவது ப்ளைவுட் அடுக்குகளை ஒட்டும் பசையில், கலக்கிறார்கள். ஃபீனாலில் ஒரு பகுதிக்குப் பதிலாக லிக்னின். பின்லாந்தின் யூபிஎம் நிறுவனம் இப்படி ப்ளைவுட் தயாரிக்கிறது. லிக்னின் மூலக்கூறு பெரியது, வினைபுரிய இடம் குறைவு, அதனால் ஃபீனாலைவிட மந்தம். நூறு டிகிரிக்கு மேல் சூட்டில் ஹாட் பிரஸ் அழுத்தினால்தான் இறுகும். உங்கள் கிளாம்ப் இறுக்கத்தைக் கொடுக்கும், சரி, சூட்டுக்கு எங்கே போவது?

உங்கள் உண்மையான தொல்லை கண் எரிச்சல். அதற்கு லிக்னினைத் தேட வேண்டியதில்லை. விலை மலிவான எம்ஆர் (ஓரளவு ஈரம் தாங்கும்) ப்ளைவுட்டில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது மெல்லச் சிதைந்து ஃபார்மால்டிஹைடை விடும். நம் வடசென்னைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று 2004-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. ஆகவே ஐஎஸ் 710 (மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரையுள்ள ப்ளைவுட் வாங்குங்கள். அதில் ஃபீனால் பிசின், நெடி மிகக் குறையும். விலை கூடுதல்தான். அறுத்த ஓரங்களைப் பட்டி வைத்து மூடுங்கள், அறுக்கும் இடத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள்.

சட்டம் இணைக்க வெள்ளைப் பசையே போதும். அந்தக் காலத்து ஆசாரிகள் காய்ச்சிய வச்சிரமும் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) நல்ல பசைதான், ஆனால் ஈரக்காற்றில் இளகும்.

அப்புறம், லிக்னின் என்று சொல்லி யாராவது பழுப்புப் பொடி விற்றால், கொஞ்சம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உடனே கரைந்தால் அது கான்கிரீட்டுக்குக் கலக்கும் லிக்னோசல்ஃபோனேட்டாக இருக்கலாம். அதை மட்டும் வைத்து ஒட்டிய மூட்டு முதல் மழையிலேயே விட்டுவிடும்.