கோத்தகிரி மழையில் கட்டி தட்டிய அமினோ பவுடர்: தூக்கிப் போட வேண்டுமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கோயம்புத்தூரில் படிக்கும் என் மகன் உடற்பயிற்சிக்காக அரைக் கிலோ குளுட்டமின் பவுடரும், எலுமிச்சைச் சுவையுள்ள பிசிஏஏ பவுடரும் வாங்கி வந்தான். வீட்டுக்கு வந்தபோதே இரண்டு பாக்கெட்டும் உப்பியிருந்தன. ஐப்பசி மழையில் திறந்தோம். மூன்று வாரத்துக்குள் பிசிஏஏ கட்டி தட்டிவிட்டது, குளுட்டமின் அப்படியே இருக்கிறது. இதைச் சாப்பிடலாமா? ஃப்ரிட்ஜில் வைப்பதா, வெயில் வந்ததும் காயவைப்பதா? வீட்டில் நான்கு வயதுப் பேத்தி வேறு இருக்கிறாள்."

இரண்டுமே அமினோ அமிலப் பவுடர்கள், அதாவது புரதத்தின் அடிப்படைக் கூறுகள். பாக்கெட் உப்பியதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலையேறி வருவதற்குள் தலையணை மாதிரி ஆகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதேதான். கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் அடைத்த காற்று இங்கே வந்து விரிகிறது. பிரிக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். சரக்கென்று கிழித்தால் உள்ளிருக்கும் காற்று பவுடரையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். பாக்கெட்டை நிமிர்த்தி வைத்து, தட்டி, தூளை அடியில் இறக்கிவிட்டு, மூலையில் சின்னதாக வெட்டிக் காற்றை வெளியே விடுங்கள். அப்புறம் முழுதாகத் திறக்கலாம். ஆனால் உங்கள் வீட்டிலேயே திறந்து மூடிய பாக்கெட், எங்கும் எடுத்துப் போகாமலே மறுபடி உப்பினால் அது வேறு விஷயம். ஈரம் பட்டு உள்ளே ஏதோ வாயு உண்டாகிறது என்று அர்த்தம். அதைச் சாப்பிடக் கூடாது.

சரி, ஒன்று மட்டும் ஏன் கட்டி தட்டியது? பிசிஏஏ என்பது லூசின், ஐசோலூசின், வேலின் என்ற மூன்று அமினோ அமிலங்களின் கலவை. இந்த மூன்றும் தண்ணீரோடு எளிதில் ஒட்டாதவை. லூசின் தூளைத் தண்ணீரில் போட்டால் மேலேயே மிதப்பதைப் பார்க்கலாம். ஈரத்தை இழுப்பது பெரும்பாலும் கூடச் சேர்த்த பொருள்கள்: எலுமிச்சைப் புளிப்புக்கான சிட்ரிக் அமிலம், மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின், சுவைத்தூள். உங்கள் குளுட்டமினில் இவை எதுவும் இருக்காது, அதனால் தப்பித்தது. மலையில் இருப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, சுவை சேர்க்காத பவுடரை வாங்கி, குடிக்கும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள் என்பதுதான்.

கட்டி தட்டியதாலேயே பவுடர் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒரு கட்டியை உலர்ந்த கரண்டியால் அழுத்திப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்து, நிறமும் மணமும் திறந்த அன்று இருந்தபடியே இருந்தால் பயன்படுத்தலாம். கையில் பிசுபிசுத்தாலோ, பழுப்பேறியிருந்தாலோ, அம்மோனியா போல நெடி வந்தாலோ, பூஞ்சைப் புள்ளி தெரிந்தாலோ விலையைப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். வாயில் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கட்டியான பவுடரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூடவே வந்த கரண்டியின் அளவு தப்பிப் போகும். கட்டியை உதிர்த்துவிட்டு, சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுவது நல்லது.

ஃப்ரிட்ஜ் வேண்டாம். குளிர்ந்தால் கெடாது என்ற நினைப்பு பாலுக்குப் பொருந்தும், இந்தப் பவுடருக்குப் பொருந்தாது. ஊட்டி, கோத்தகிரி வீடுகளில் அறையின் குளிர்ச்சியே இதற்குப் போதுமானது. இங்கே எதிரி ஈரக்காற்று. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவைத் திறந்ததும், அறையின் ஈரம் சில்லென்ற தூளின் மேல் நீராகப் படியும். பிறகு மூடி உள்ளே வைத்தால் அந்த நீரும் உள்ளேயே தங்கிவிடும். தினமும் இரண்டு முறை இப்படிச் செய்தால் ஒரே வாரத்தில் கல்லாகிவிடும். பல வருடங்களுக்கு முன் குளுக்கோஸ் பவுடரை நானே ஃப்ரிட்ஜில் வைத்துக் கெடுத்திருக்கிறேன். கத்தி வைத்துக் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வெயிலில் காயவைப்பதும் வேண்டாம். வடகத்தைப் போல முறத்தில் பரப்பினால் தூசியும் பூச்சியும் சேரும், மேகம் மூடிய ஐந்தாவது நிமிடத்தில் பழையபடி ஈரம் ஏறும். அடுப்புக்கு மேல் உள்ள தட்டு சூடாக இருக்கிறதே என்று சிலர் அங்கே வைக்கிறார்கள். கேஸ் எரியும்போதே நீராவி உண்டாகிறது, குழம்பு கொதிக்கும் ஆவியும் அங்கேதான் போய்ச் சேரும். விறகடுப்புக் காலத்துப் பரணுக்கு இருந்த நியாயம் இன்றைய சமையலறைக்குக் கிடையாது.

பிறகு எப்படித்தான் வைப்பது? தேயிலைத் தொழிற்சாலையில் எப்படி வைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தூளைச் சுமார் 3 சதவீத ஈரம் மட்டும் மிஞ்சும்வரை உலர்த்தி, உடனே காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். திறந்து வைத்தால் நமத்துவிடும் என்று நமக்குத் தெரியும். இந்தப் பவுடருக்கும் அதே மரியாதை கொடுங்கள். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் சின்னக் கண்ணாடி ஜாடியில் எடுத்துக்கொண்டு, மீதியை அதன் ஃபாயில் பாக்கெட்டிலேயே காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, பாக்கெட்டோடு இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு வையுங்கள். ஜிப் பள்ளத்தில் தூள் சிக்கியிருந்தால் சரியாக மூடாது, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். கூட வந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறியாதீர்கள், அது உள்ளேயே இருக்கட்டும். தனியாக வாங்குவதானால் நீல நிறச் சிலிக்கா ஜெல் வேண்டாம். அதில் கோபால்ட் குளோரைடு உண்டு, உணவுப் பொருளோடு வைக்கக் கூடாது. பவுடருக்குள் அரிசியைப் போடுவதாலும் பெரிய பயன் இல்லை.

பிரித்து வைக்கும் வேலையை மூடுபனி இறங்கிய காலையில் செய்யாதீர்கள். மழை விட்டு வெயில் அடிக்கும் ஒரு நண்பகலில், கெட்டில் கொதிக்காத அறையில் செய்யுங்கள். தைலம், அந்துருண்டை இருக்கும் அலமாரியும் வேண்டாம். அந்த வாசனை பவுடரில் ஏறும்.

பேத்தியைப் பற்றிக் கேட்டீர்களே, அதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் தேயிலைக்கு அடிக்கும் ஜிங்க் சல்பேட், யூரியா, பூஞ்சை மருந்து எல்லாம் பெரும்பாலும் ஒரே சாமான் அறையில் இருக்கும். ஜிங்க் சல்பேட்டும் வெள்ளை, யூரியாவும் வெள்ளை, உங்கள் குளுட்டமினும் வெள்ளை. பெயர் எழுதாத ஜாடிக்கு மாற்றிய அன்றே ஆபத்து தொடங்கிவிடுகிறது. தோட்டச் சாமான் இருக்கும் அறைக்குள் இந்தப் பவுடர் போகவே கூடாது. ஜாடிக்கு மாற்றினால் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி, திறந்த தேதி நான்கையும் எழுதி ஒட்டுங்கள். பழைய பாக்கெட்டை முடியும்வரை வைத்திருங்கள். அதில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள். குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பூட்டும் அலமாரியானால் இன்னும் நல்லது. எலுமிச்சை மணம் குழந்தைக்கு மிட்டாய் மணமாகத்தான் தெரியும்.

தூள் கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மகன் பின்னால் அர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலப் பவுடர் வாங்கினால் இது இன்னும் முக்கியம். ஹைட்ரோகுளோரைடு சேர்க்காத அர்ஜினின் நல்ல காரத்தன்மை உள்ளது, கண் எரியும். மேசையில் சிந்தியதை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

குளிருக்காகக் கொதிக்கும் நீரில் கலக்க வேண்டாம். உலர்ந்த குளுட்டமின் மாதக்கணக்கில் தாங்கும், நீரில் கரைந்ததும் மெல்லச் சிதையத் தொடங்கும், சூட்டில் இன்னும் வேகமாக. ஆறிய வெந்நீரில் கலந்து அப்போதே குடிக்கச் சொல்லுங்கள், ஃபிளாஸ்கில் ஊற்றி மாலைவரை வைத்திருக்கக் கூடாது. சிறுநீரகம், கல்லீரல் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

மகன் ஜாடியோடு கோயம்புத்தூர் திரும்பும்போது ஒன்று நடக்கும். கோத்தகிரியில் இறுக்கி மூடிய பிளாஸ்டிக் டப்பா கீழே போனதும் உள்ளே ஒடுங்கியிருக்கும், திறந்தால் விசுக்கென்று வெளிக்காற்றை இழுக்கும். மலை ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் இப்படி ஈரக்காற்று உள்ளே போகும். அதனால் பெரிய டப்பா ஓரிடத்திலேயே இருக்கட்டும், அவன் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன ஜாடியில் எடுத்துப் போகட்டும்.