கணினி கேள்வி பதில்: கெட்டது டிஸ்க்கா, கேபிளா?

கேள்வி: என் பழைய டெஸ்க்டாப்பில் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் தெரிகிறது, மறுநாள் காணவில்லை. மகளின் கல்யாணப் போட்டோ எல்லாம் அதில்தான். டிஸ்க் போய்விட்டதா?
வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அம்மா. டிஸ்க் தெரிகிற நாளில் முதல் வேலையாகப் போட்டோக்களை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். அப்புறம் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சி7 வரியைப் பாருங்கள். கேபிள் வழியே டேட்டா போகும்போது வந்த பிழைகளின் எண்ணிக்கை அது. அந்த எண் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டேட்டா கேபிள்தான் காரணம். கேபிளை மாற்றினாலும் பழைய எண் அழியாது. மேலும் ஏறாமல் நின்றால் சரி.

உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை, கிளிப் வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். 7 பின் உள்ளது டேட்டாவுக்கு. 15 பின் உள்ள அகலமானது பவருக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரின் தலையைப் பிடித்து நேராக எடுங்கள். போன மாதம் என்னிடம் வந்த ஒரு டிஸ்க்கில், பக்கவாட்டில் இழுத்ததால் கேபிள் செருகும் இடத்திலுள்ள 'எல்' வடிவ பிளாஸ்டிக்கே உடைந்து கேபிளோடு வந்திருந்தது. பார்க்கவே மனசு பதறியது.

பவர் கனெக்டர் கருகியிருந்தால் அதை மறுபடி செருகவே செருகாதீர்கள். ஒயர்களையும் கனெக்டரையும் ஒரே பிளாஸ்டிக் கட்டியாகச் சேர்த்து வார்த்த மலிவான சாட்டா பவர் அடாப்டரும் வேண்டாம். அது உள்ளேயே ஷார்ட் ஆகி எரிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.