ஐம்பது ஓவர் ஆடினாலே ‘லிஸ்ட் ஏ’ ஆகிவிடாது

வணக்கம் ஐயா. பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகன் இதுவரை ஆடிய ஐம்பது ஓவர் மேட்ச் எல்லாமே ‘லிஸ்ட் ஏ’ என்று கோச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி, கல்லூரியில் சேர்க்காமல் முழுநேரமும் கிரிக்கெட்டுக்கே விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம், ஐயா.

‘லிஸ்ட் ஏ’ என்பது மேல்மட்ட ஒருநாள் ஆட்டங்களுக்கான அதிகாரபூர்வ வகைப்பாடு. ஓர் அணிக்கு 40 முதல் 60 ஓவர் என்பது அந்தத் தகுதியில் ஒரு பாதிதான். ஆடுகிற அணிகளும் தொடரும் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். சர்வதேச ஒருநாள் ஆட்டங்களும், அந்தந்த நாட்டின் முதன்மையான உள்நாட்டு ஒருநாள் தொடர்களும் இதில் வரும். இங்கிலாந்தில் 1963-இல் தொடங்கிய ஜில்லெட் கோப்பையிலிருந்து கணக்கு எழுதுகிறார்கள். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) இந்த வகைப்பாட்டை அதிகாரபூர்வமாக ஏற்றது 2006-இல்தான். இந்தியாவில் மாநில அணிகள் மோதும் விஜய் ஹசாரே கோப்பை, தியோதர் கோப்பை ஆட்டங்கள் லிஸ்ட் ஏ. உங்கள் பையன் ஆடும் டிவிஷன் லீக்கும் மாவட்டப் போட்டியும் இதில் சேராது. இந்திய கிரிக்கெட் வாரியமே 19 வயதுக்குட்பட்டோருக்கு நடத்தும் வினு மன்கட் கோப்பைகூடச் சேராது.

எதிரணி பலமா பலவீனமா என்பதும் இங்கே கணக்கில்லை. 2022-இல் தமிழ்நாட்டின் ஜெகதீசன் 277 ரன் அடித்தது அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக. பெரிய அணி இல்லைதான். ஆனால் அது விஜய் ஹசாரே ஆட்டம், அதனால் லிஸ்ட் ஏ சாதனையாகவே பதிவானது. சென்னை லீக்கில் அதைவிடக் கடினமான பந்துவீச்சை ஒரு பையன் சமாளித்திருக்கலாம், அந்த ரன் இந்தப் பட்டியலில் ஏறாது. வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் முறை அதுதான்.

வருமானமும் இதையொட்டியே மாறுகிறது. 2021-இல் வாரியம் அறிவித்த சம்பளப்படி, சீனியர் மாநில அணியின் பதினொருவரில் புதிதாக வருபவருக்கும் ஒரு நாளுக்கு 40,000 ரூபாய். 19 வயதுக்குட்பட்டோர் அணியில் 20,000. லீக்கை நம்பிப் படிப்பை விடுபவர்களுக்கு இந்த இரண்டுமே இல்லை.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் ‘லிஸ்ட் ஏ’ என்ற நிபந்தனையே கிடையாது. தேசிய அளவிலான போட்டியில் மாநிலத்துக்காக ஆடியிருந்தால் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அந்த இரண்டாவது வாசல் கல்லூரியில் சேர்ந்தவனுக்கு மட்டும்தான் திறக்கும். மாநில அணியில் இடம் கிடைக்க நாலைந்து வருடம் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். அதுவரை கையில் ஒரு பட்டமும் பல்கலைக்கழக அணியின் சான்றிதழும் சேரட்டும்.

அதனால் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு ஒழுங்காக அணி அனுப்பும் கல்லூரியாகப் பாருங்கள். சேர்வதற்கு முன் உடற்கல்வி இயக்குநரை நேரில் பார்த்து, காலைப் பயிற்சிக்கும் வருகைப்பதிவுக்கும் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். அப்புறம் கோச்சிடம், மகன் ஆடிய தொடர்களின் பெயரையும் நடத்திய அமைப்பையும் எழுதி வாங்குங்கள். சண்டையாக வேண்டாம், பையன் அவரிடம்தான் இன்னும் ஆட வேண்டும்.